டிஎல்எல் காணவில்லை என்று கணினி சொன்னால் எங்கே பார்ப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்து எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். புதிதாக நிறுவிய வீடியோ எடிட்டிங் மென்பொருளைத் திறந்தால் 'விசிரன்டைம்140_1 டிஎல்எல் கிடைக்கவில்லை' என்று ஒரு பெட்டி வந்து நின்றுவிடுகிறது. டிஎல்எல் என்பது பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக் கோப்பு. அத்தகைய கோப்புகள் அடங்கிய விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்ற தொகுப்பு கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. நண்பர் ஒருவர் ஏதோ ஒரு தளத்திலிருந்து சில டிஎல்எல் கோப்புகளை இறக்கி சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டுக்கொடுத்தார். அதன் பிறகு பழைய பெட்டி போய், 0எக்ஸ்சி000007பி என்ற எண்ணோடு வேறொரு பெட்டி வருகிறது. கடையில் விசாரித்தால் விண்டோஸையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். தேவையானவை எல்லாம் கணினியில் இருக்கின்றனவா என்று நாமே பார்த்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழி உண்டு. விண்டோஸை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. கடைக்காரருக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது அரை மணி நேர வேலைதான்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூறு, அதாவது மென்பொருள் நம்பியிருக்கும் டிஎல்எல் போன்ற கோப்போ தொகுப்போ, கணினியில் 'இருக்கிறதா' என்று மட்டும் கேட்டால் சரியான விடை கிடைக்காது. எந்தக் கூறு, அதன் எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும் (விண்டோஸும் மென்பொருள்களும் இந்த இரண்டு பிட் வகைகளில் வரும்). மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் கூறு இல்லாததற்குச் சமம். உங்களிடம் விஷுவல் சி பிளஸ் பிளஸ் இருந்தும் மென்பொருள் திறக்காமல் போனதற்குக் காரணம் இதுதான்.

ஒரு மென்பொருள் தன் வேலைக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே சுமந்து வருவதில்லை. கல்யாணச் சமையலுக்கு வருகிறவர் கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, அண்டாவும் அடுப்பும் மண்டபத்தில் இருக்கும் என்று நம்பி வருவதைப் போல, பொதுவான வேலைகளுக்கு வேண்டிய டிஎல்எல் கோப்புகள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் என்று நம்பியே அது எழுதப்படுகிறது. ஒழுங்காகச் செய்த நிறுவி (மென்பொருளைக் கணினியில் பதிக்கும் இன்ஸ்டாலர்), இல்லாதவற்றைத் தானே நிறுவிக்கொள்ளும். சில நிறுவிகள் அதைச் செய்வதில்லை. இணைய இணைப்பு பாதியில் அறுந்தாலும் அந்தப் படி விட்டுப்போகும்.

இனி உங்கள் கணினியைப் பார்ப்போம். செட்டிங்ஸைத் திறந்து, சிஸ்டம், அதில் அபவுட் என்ற பக்கத்துக்குப் போங்கள். 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் 64 பிட்டா 32 பிட்டா என்று இருக்கும். அதே பக்கத்தில் விண்டோஸின் பதிப்பும் இருக்கும். இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு படியிலும் அவை தேவைப்படும்.

அடுத்து, பெட்டியில் வந்த கோப்பின் பெயரைப் படிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அதை அப்படியே தேடுபொறியில் போட்டு, முதலில் வரும் தளத்தைத் திறந்துவிடுகிறார்கள். அதற்கு முன் அந்தப் பெயரைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், அதற்குள்ளேயே விடை இருக்கிறது. எம்எஸ்விசிபி, எம்எஸ்விசிஆர், விசிரன்டைம் என்று தொடங்கும் கோப்புகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பைச் சேர்ந்தவை. பெயரைத் தொடர்ந்து வரும் எண் பதிப்பைச் சொல்கிறது. 100 என்றால் 2010ஆம் ஆண்டின் தொகுப்பு, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. 13 என்ற பதிப்பு எண்ணை மைக்ரோசாஃப்ட் தாண்டிப் போய்விட்டதால் 130 கிடையாது. 140 என்பது 2015இல் தொடங்கியது. 2017, 2019, 2022 ஆகியவையும் அதே 140 என்ற பெயரையே வைத்துக்கொண்டன.

குழப்பம் வருவது இந்த 140இல்தான். 2013 வரை ஒவ்வொரு ஆண்டின் தொகுப்பும் தனித்தனி. 2010 கேட்கும் மென்பொருளுக்கு 2013 பயன்படாது, 2010ஐத்தான் நிறுவ வேண்டும். 2015 முதல் வந்தவை அப்படியல்ல. புதியது பழையதன் இடத்தில் அமர்ந்துகொள்ளும், பழைய மென்பொருள்களுக்கும் அதுவே போதும். ஆனால் பழையது புதியதற்குப் போதாது. நீங்கள் தேடும் விசிரன்டைம்140_1 என்ற கோப்பு 2019 பதிப்போடுதான் வந்தது. 2015 அல்லது 2017 தொகுப்பு மட்டும் இருக்கிற கணினியில் விசிரன்டைம்140 இருக்கும். கடைசியில் அடிக்கோடும் ஒன்றும் சேர்ந்த அந்தக் கோப்பு இருக்காது. பார்த்தால் எழுத்துப் பிழைபோலத் தெரியும் இந்த இரண்டு எழுத்துகள்தான் உங்கள் சிக்கலின் வேர். இன்னொரு விவரமும் அதிலிருந்து கிடைக்கிறது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் இந்தக் கோப்பு 64 பிட் தொகுப்பில் மட்டுமே உண்டு. அப்படியானால் உங்கள் எடிட்டிங் மென்பொருள் 64 பிட், அதற்கு வேண்டியது 2019 அல்லது அதற்குப் பிந்தைய எக்ஸ்64, அதாவது 64 பிட் தொகுப்பு. இன்னும் எதையும் நிறுவவில்லை, பெயரைப் படித்ததிலேயே மூன்று கேள்விகளுக்கும் விடை வந்துவிட்டது.

இப்போது கணினியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் இன்ஸ்டால்டு ஆப்ஸ். விண்டோஸ் 10 என்றால் ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ். தேடும் கட்டத்தில் 'விஷுவல்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரிசையாகப் பல வரிகள் வரும். பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் ஆண்டு, எக்ஸ்86 அல்லது எக்ஸ்64, பிறகு நீண்ட பதிப்பு எண் ஆகியவை இருக்கும். 2015 முதல் வந்தவற்றில் அந்த எண் 14இல் தொடங்கும். எக்ஸ்86 என்பது 32 பிட்டைக் குறிக்கும். எண் 14.10 முதல் 14.16 வரை இருந்தால் 2017, 14.20 முதல் 14.29 வரை 2019, 14.30 முதல் 2022 அல்லது அதற்குப் பிந்தையது. உங்கள் பட்டியலில் எக்ஸ்86 மட்டும் புதியதாகவும் எக்ஸ்64 பழையதாகவும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. '2019 இருக்கிறதே' என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இங்கே ஒரு வேண்டுகோள். அந்தப் பட்டியலில் ஏழெட்டு வரிகள் ஒரே பெயரில் இருப்பதைப் பார்த்து, தேவையற்றவை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அவை ஒன்றின் நகல்கள் அல்ல. ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு மென்பொருள் நம்பியிருக்கிறது. இடத்தை மிச்சப்படுத்தப் போய், பல வருடமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கணக்கு மென்பொருளையோ பிரிண்டர் மென்பொருளையோ முடக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 64 பிட் விண்டோஸில் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டுமே இருப்பதுதான் முறை, ஏனென்றால் 32 பிட் மென்பொருள்கள் அதில் இன்னும் ஓடுகின்றன. அவை கேட்பது 32 பிட் தொகுப்பையே. உங்கள் மென்பொருள் எந்த வகை என்று தெரியாதபோது, அது நிறுவப்பட்டிருக்கும் ஃபோல்டரைப் பாருங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் என்ற பெயரோடு எக்ஸ்86 சேர்ந்திருந்தால் பெரும்பாலும் 32 பிட்.

நண்பர் செய்த வேலைக்கு வருகிறேன். 0எக்ஸ்சி000007பி என்ற எண்ணுக்குக் கணினி கொடுக்கும் பொருள், 'இந்தக் கோப்பின் வடிவம் எனக்குப் பொருந்தவில்லை' என்பது. 64 பிட் மென்பொருளின் கையில் 32 பிட் டிஎல்எல் கிடைத்தால் பெரும்பாலும் இந்த எண்தான் வரும். விண்டோஸின் ஃபோல்டர் பெயர்கள் இதில் நம்மைக் கவிழ்த்துவிடுகின்றன. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில். பெயரில் இருக்கும் எண்ணும் உள்ளே இருப்பதும் நேர் எதிர். பழைய மென்பொருள்கள் உடையாமல் இருக்க மைக்ரோசாஃப்ட் சிஸ்டம்32 என்ற பெயரை மாற்றாமல் விட்டதன் விளைவு இது. 32 பிட் கோப்பை, பெயரில் 32 இருக்கிறதே என்று சிஸ்டம்32இல் போட்டது நண்பரின் குற்றம் அல்ல. அந்தப் பெயரைப் பார்க்கும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

சரிசெய்யும் முறை இது. சிஸ்டம்32 ஃபோல்டரைத் திறந்து, உருவாக்கப்பட்ட தேதியின்படி வரிசைப்படுத்துங்கள். நண்பர் போட்ட கோப்புகள் பெரும்பாலும் மேலே வந்து நிற்கும். அவர் போட்ட அந்தப் பெயர்களை மட்டும், அவை விஷுவல் சி பிளஸ் பிளஸ் குடும்பத்தைச் சேர்ந்தவைதானா என்று மேலே சொன்னபடி பார்த்துவிட்டு, வேறு ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். சிஸ்டம்32இல் வேறு எதையும் தொடாதீர்கள். பிறகு மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்தில், விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளின் அண்மைய பதிப்புகளுக்கான பக்கத்திலிருந்து எக்ஸ்64, எக்ஸ்86 இரண்டையும் இறக்கி நிறுவுங்கள். கட்டணம் எதுவும் இல்லை. ஏற்கெனவே இருக்கிறது என்று நிறுவி சொன்னால் 'ரிப்பேர்' என்ற பொத்தானை அழுத்துங்கள். கணினியை ஒருமுறை அணைத்து மீண்டும் போட்டுவிட்டு மென்பொருளைத் திறந்து பாருங்கள். திறந்துவிடும் என்றே எதிர்பார்க்கிறேன்.

தனி டிஎல்எல் கோப்பு தரும் தளங்களைப் பற்றி நான் கடுமையாகத்தான் சொல்வேன். அவற்றிடம் போகாதீர்கள். மைக்ரோசாஃப்ட் இந்தக் கோப்புகளை நமக்குத் தனித்தனியாகக் கொடுப்பதில்லை, தொகுப்பாகவே கொடுக்கிறது. தனிக்கோப்பாகக் கிடைப்பது எந்தப் பதிப்பு, எத்தனை பிட், யார் கை வைத்தது என்று எதுவும் தெரியாமல் கணினியின் நடுமையத்தில் கொண்டுபோய் வைக்கிறோம். ஒரு டிஎல்எல் உள்ளே போய்விட்டால், அதை அழைக்கும் மென்பொருளுக்கு இருக்கும் எல்லா அதிகாரமும் அதற்கும் கிடைத்துவிடும். கையில் இருக்கும் கோப்பில் சந்தேகம் இருந்தால் அதன் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறங்கள். 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பக்கம் இருந்து, மைக்ரோசாஃப்டின் பெயர் அதில் இருந்து, உள்ளே போனால் கையொப்பம் செல்லும் என்றும் காட்டினால் கோப்பு திருத்தப்படாதது. விஷுவல் சி பிளஸ் பிளஸ் கோப்புகளில் அந்தப் பக்கமே இல்லை என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் சிக்கல் இதோடு முடிந்துவிடும் என்றாலும், எல்லாக் கூறுகளையும் பற்றிக் கேட்டிருப்பதால் மற்றவற்றையும் சொல்கிறேன்.

டாட்நெட் என்பது பல மென்பொருள்கள் ஓடுவதற்குத் தேவைப்படும் இன்னொரு மைக்ரோசாஃப்ட் தொகுப்பு. அதில் இரண்டு குடும்பங்கள் உண்டு, அவற்றை ஒன்றாக நினைப்பதால்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதலாவது டாட்நெட் ஃபிரேம்வொர்க். இதில் 4இல் தொடங்கும் பதிப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அமரும், 4.8 இருந்தால் 4.5, 4.7.2 கேட்கும் மென்பொருள்களும் ஓடும். விண்டோஸ் 11இலும், 2019 மே மாதம் வந்த பதிப்பு முதல் விண்டோஸ் 10இலும் 4.8 கூடவே வருகிறது. உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் விண்டோஸின் உள் அமைப்பு விவரங்களைக் காட்டும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், நெட் ஃபிரேம்வொர்க் செட்டப், என்டிபி, வி4, ஃபுல் என்ற வரிசையில் உள்ளே போங்கள். வலப்பக்கம் 'ரிலீஸ்' என்ற வரி இருக்கும். அடைப்புக்குள் உள்ள எண் 461808 அல்லது அதற்கு மேல் என்றால் குறைந்தது 4.7.2, 528040 அல்லது அதற்கு மேல் என்றால் 4.8, 533320 முதல் 4.8.1. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கே எதையும் மாற்ற வேண்டாம்.

3.5 இந்தக் கணக்கில் சேராது. 4.8 இருந்தாலும் 3.5 கேட்கும் பழைய மென்பொருளுக்கு 3.5ஐத் தனியாக இயக்கிவைக்க வேண்டும். அதனுள் 2.0, 3.0 இரண்டும் அடங்கும். கன்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ் பகுதியில், விண்டோஸ் ஃபீச்சர்களை இயக்கவும் நிறுத்தவும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் 3.5க்கு எதிரே உள்ள கட்டம் வெறுமையாக இருந்தால் இல்லை என்று பொருள். டிக் குறி இல்லாமல் கட்டத்துக்குள் கருப்பாக ஒரு சதுரம் நிரம்பியிருந்தால் பயப்பட வேண்டாம், 3.5 இருக்கிறது, அதன் கீழ் உள்ள கூடுதல் பகுதிகள் மட்டும் இல்லை. சாதாரண மென்பொருள்களுக்கு அவை தேவைப்படுவதில்லை.

இரண்டாவது குடும்பம், 'ஃபிரேம்வொர்க்' என்ற சொல் இல்லாமல் டாட்நெட் 6, டாட்நெட் 8 என்று வருபவை. இவை ஒன்றின் இடத்தில் ஒன்று அமர்வதில்லை, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 6க்கு எழுதிய மென்பொருள் பொதுவாக 6ஐத்தான் தேடும், 8 இருப்பதைக் கண்டு திருப்தி அடையாது. கட்டளைகளைத் தட்டும் சன்னலான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஆங்கிலத்தில் டாட்நெட் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளும் 'லிஸ்ட்' என்ற சொல்லும், ஒரு சிறுகோடும் 'ரன்டைம்ஸ்' என்ற சொல்லும் சேர்த்துத் தட்டினால், இருப்பவை எல்லாம் பதிப்பு எண்ணோடு வரும். அந்தக் கட்டளையே தெரியாது என்று கணினி சொன்னால் இந்தக் குடும்பம் பெரும்பாலும் உங்களிடம் இல்லை. சன்னலோடு திறக்கும் மென்பொருள்களுக்கு வேண்டியது 'விண்டோஸ் டெஸ்க்டாப்' என்ற பெயர் வரும் ரன்டைம் (மென்பொருள் ஓடுவதற்கு வேண்டிய தொகுப்பு). இறக்கும் பக்கத்தில் ரன்டைம், டெஸ்க்டாப் ரன்டைம், ஏஎஸ்பி டாட்நெட் கோர் ரன்டைம் என்று மூன்று இருக்கும். டெஸ்க்டாப் என்று இருப்பதை எடுங்கள், வெறும் ரன்டைம் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

அடுத்தது, விளையாட்டுகளின் படத்தையும் ஒலியையும் கையாளும் டைரக்ட்எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் கூறு. இந்தச் சோதனை பழைய விளையாட்டுகளை வைத்திருப்பவர்களுக்கானது. ரன் கட்டத்தில் டிஎக்ஸ்டயாக் என்று ஆங்கிலத்தில் தட்டினால் டைரக்ட்எக்ஸ் 12 என்று காட்டும். அதைப் பார்த்து எல்லாம் இருக்கிறது என்று முடிவுசெய்தால், டி3டிஎக்ஸ்9_43 டிஎல்எல் இல்லை என்று விளையாட்டு நின்றுவிடும். அந்தக் கோப்பு டைரக்ட்எக்ஸ் 12இன் பகுதி அல்ல. மைக்ரோசாஃப்ட் 2010 ஜூன் மாதம் வெளியிட்ட துணைத் தொகுப்பில் இருப்பது. எக்ஸ்இன்புட்1_3 என்ற கோப்புக்கும் இதே தொகுப்புதான். அதை நிறுவுவதால் உங்கள் டைரக்ட்எக்ஸ் 12 கீழே இறங்கிவிடாது. விளையாட்டின் ஃபோல்டருக்குள் 'ரீடிஸ்ட்' என்ற சொல் உள்ள ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல நேரங்களில் தேவையான தொகுப்பு நம் கணினியிலேயே, நிறுவப்படாமல் காத்திருக்கும்.

மற்றவை சுருக்கமாக. ஜாவாவுக்குக் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஜாவா, ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, வெர்ஷன். 1.8 என்று வந்தால் அது ஜாவா 8. அந்தப் பழைய எண் முறை ஜாவா 9இலிருந்து மாறிவிட்டது. ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று தொடங்கும் கோப்பு இல்லை என்றால் கணினி பெரும்பாலும் விண்டோஸ் 7 அல்லது 8.1ஆக இருக்கும், விண்டோஸ் 10 முதல் அது இயங்குதளத்தின் பகுதி. எம்எஃப்பிளாட் டிஎல்எல் இல்லை என்று வீடியோ மென்பொருள்கள் சொன்னால், விண்டோஸ் பெயரின் கடைசியில் 'என்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஆணையம் 2004இல் எடுத்த முடிவின் விளைவாக, மீடியா பிளேயர் இல்லாமல் வந்த பதிப்புகள் அவை. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் மீடியா ஃபீச்சர் பேக்கைச் சேர்த்தால் தீர்ந்துவிடும்.

ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தாலே அது நம் கணினியைச் சோதித்துச் சொல்லிவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். முன்பு ஓரளவுக்கு அது நடந்தது. உலாவிக்குள் ஜாவா, ஃபிளாஷ் செருகுநிரல்கள் இருந்த காலத்தில், அவற்றின் பதிப்பைப் பக்கம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. குரோம் 2015இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017இலும் ஜாவா ஓடிய அந்த வாசலை மூடிவிட்டன. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பரோடு முடிந்தது. இன்றைய உலாவி, கணினியில் எந்த டிஎல்எல் இருக்கிறது என்று எந்தப் பக்கத்துக்கும் சொல்லாது. நம் பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே 'உங்கள் கணினியில் 14 கூறுகள் குறைகின்றன, இங்கே அழுத்துங்கள்' என்று ஒரு பக்கம் சொன்னால் அது பொய். அழுத்தாமல் மூடிவிடுங்கள். இதை வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் சொல்லிவையுங்கள், பயந்துபோய் முதலில் அழுத்துவது அவர்கள்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் மென்பொருள் திறக்கவில்லை என்றால் கணினியில் நடந்த பிழைகளைப் பதிவுசெய்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதில் அப்ளிகேஷன் என்ற பகுதிக்குப் போங்கள். மென்பொருளைத் திறக்க முயன்ற நேரத்துக்கு நேரே சிவப்புக் குறியோடு ஒரு வரி இருக்கும். அந்த வரியில் மூலம் (சோர்ஸ்) 'சைட்பைசைட்' என்று இருந்தால், கீழே உள்ள விவரத்தில் விசி80 அல்லது விசி90 என்ற பெயரைத் தேடுங்கள். முதலாவது 2005 தொகுப்பு, இரண்டாவது 2008. அதே வரியில் பதிப்பு எண்ணும், எக்ஸ்86 என்றோ ஏஎம்டி64 என்றோ பிட் விவரமும் இருக்கும். ஏஎம்டி64 என்பது 64 பிட்டைத்தான் குறிக்கிறது, உங்கள் செயலி இன்டெல்லாக இருந்தாலும் அப்படியே எழுதும். மூலம் 'டாட்நெட் ரன்டைம்' என்று இருந்தால் எந்தப் பதிப்பு தேவை என்பது பெரும்பாலும் அந்த விவரத்திலேயே எழுதியிருக்கும்.

அந்த விவரத்தை நகலெடுத்து, முதலில் தாளில் குறித்த விண்டோஸ் பதிப்போடும் பிட் விவரத்தோடும் சேர்த்து மென்பொருளைச் செய்தவர்களுக்கு அனுப்புங்கள். வெறுமனே 'திறக்கவில்லை' என்று எழுதினால் அவர்கள் திருப்பிக் கேட்கப் போவது இவற்றைத்தான். எனக்கு எழுதுவதானாலும் இதையே அனுப்புங்கள். எக்ஸ்64 வரியில் உள்ள பதிப்பு எண்ணை மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.